ஒற்றைப் பெயர்

சீழ்ப் பரிசோதனை அறிக்கையில் கிருமியின் பெயரை எழுத ஒரு வரிதான் விட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரி கொஞ்ச காலமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. என் சித்தியின் காலில் ஆறாமல் கிடந்த புண்ணுக்காக எடுத்த அறிக்கைகள் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இப்போதும் வீட்டில் இருக்கின்றன. சில மலைமேல் கேரளத்தில் எடுத்தவை, சில கீழே இறங்கித் தேனிப் பக்கம் எடுத்தவை. ஒன்றில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்றிருக்கிறது. அடுத்ததில் சூடோமோனாஸ் ஏருஜினோசா. கடைசியாக வந்ததில் பெயரே இல்லை. பலவகைக் கிருமிகள் கலந்து வளர்ந்திருக்கின்றன, மாதிரி எடுக்கையில் அசுத்தம் சேர்ந்திருக்கலாம், புதிதாக ஒன்று எடுத்து அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். வீட்டில் எல்லோரும் "கிருமி மாறிடுச்சு" என்று பேசிக்கொண்டார்கள். மருந்தும் அதற்கேற்ப மாறியது. அப்போது எழுந்த கேள்வி எனக்கு இன்னும் அடங்கவில்லை. கிருமி மாறியதா, இல்லை எல்லாமே முதல் நாளிலிருந்து அங்கேயே இருந்து, அன்றன்று பஞ்சுக்குச்சியில் எது ஒட்டியதோ அதன் பெயர் தாளில் ஏறியதா? பெயர் எழுத முடியாமல் திருப்பி அனுப்பப்பட்ட அந்தக் கடைசி அறிக்கைதான் புண்ணுக்கு மிக நெருங்கிப் போயிருந்தது என்று எனக்குப் படுகிறது.

சித்தி உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன்பே ஜீப்பில் அடைந்துகொண்டு பெண்கள் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏறி வந்து பொழுது சாய இறங்கிப் போகிற வட்டாரம் அது. ஏலம் கிளையில் காய்ப்பதில்லை. செடியின் அடித்தூரிலிருந்து தரையோடு தரையாகச் சரம் ஓடி அதில் காய்க்கிறது. காய் எடுக்கிறவர் குனிந்தோ குந்தியோதான் எடுத்தாக வேண்டும். காலடியில் மட்கிய இலை, வற்றாத ஈரம், அட்டை. அட்டைக்குப் பயந்து புகையிலையும் உப்பும் தேய்த்துக்கொள்வார்கள். ரப்பர் பூட்ஸ் போட்டால் அதற்குள் வியர்வையும் மழைத் தண்ணீரும் சேர்ந்து கால் நாள்பூராவும் ஊறும். சர்க்கரை நோய் அவருடைய கால் நரம்பின் உணர்ச்சியை மெல்ல மெல்லத் தின்றுவிட்டிருந்தது. பூட்ஸுக்குள் கிடந்த பொடிக்கல் எத்தனை நாள் குத்தியது என்று அவருக்கே தெரியவில்லை. கட்டுப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். உள்பக்கத் துணி பச்சை பிடித்து, கசிவு காய்ந்த ஓரங்களில் நீலம் ஓடிக் கிடக்கும். "அம்மே, காலில வெள்ளம் பட்டதா?" என்று செவிலியர் கேட்டது அந்த நிறத்தைப் பார்த்துத்தான். "குளிக்கையில லேசா நனைஞ்சிருக்கும் தாயி" என்றார் சித்தி. துணியிலிருந்து ஓர் இனிப்பு வாடை வந்தது. சூடோமோனாஸ் வளர்ந்த தட்டைத் திறந்தால் திராட்சை வாசம் அடிக்கும் என்று பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள் சொல்வார்கள். பன்னீர் திராட்சைக் கொடிகள் படர்ந்த கம்பம் பள்ளத்தாக்கு வழியாகத்தான் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம், அந்த வாசம் எனக்குப் புதிதில்லை. ஆனால் அதற்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது, செத்த எலியை நினைவூட்டும் அழுகல் வாடை. அது ஆக்சிஜன் ஆகாத பாக்டீரியாக்கள் கிளப்புவது. காற்றுப்புகாத முறையில் வளர்த்தாலொழிய அவை தட்டில் தலைகாட்டா. சிறு ஊர்களில் அந்த வசதி அநேகமாகக் கிடையாது. அவற்றுக்கு வாழ இடம் செய்து கொடுப்பவை மேலே இருந்து ஆக்சிஜனைக் குடித்துத் தீர்க்கும் மற்ற கிருமிகள். எந்த அறிக்கையிலும் வராத அந்தக் கூட்டத்தை மூக்கு அறிந்திருந்தது.

அந்தப் பச்சை நிறத்துக்குக் காரணம் சூடோமோனாஸ் சுரக்கும் பயோசயனின் என்ற நிறமி. நிறமி மட்டுமில்லை, அண்டையில் இருப்பவற்றுக்கு அது நஞ்சு. இது போதாதென்று ஸ்டஃபைலோகாக்கஸின் செல்சுவரை அறுக்கும் ஒரு நொதியையும், அதன் சுவாசத்தை நிறுத்தும் இன்னொரு வேதிப்பொருளையும் சூடோமோனாஸ் வைத்திருக்கிறது. செத்த ஸ்டஃபைலோகாக்கஸின் உடலிலிருந்து இரும்புச்சத்தையும் எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் சாதாரண வளர்ப்புத் திரவத்தில் சேர்த்துவிட்டால் மறுநாளைக்குள் அநேகமாக சூடோமோனாஸ் மட்டுமே மிஞ்சும். அப்படியானால் மனிதப் புண்ணில் இவை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சேர்ந்து கிடப்பது எப்படி? இந்தப் புதிருக்கு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்த விடைகளில் எனக்கு மிகவும் பிடித்தது மிக எளிமையானது. ரத்தத்தில் ஏராளமாக உள்ள அல்புமின் என்ற புரதத்தை அந்தத் திரவத்தில் சேர்த்தால் சூடோமோனாஸின் மூர்க்கம் தணிகிறது. அவை தங்கள் எண்ணிக்கையை உணர்ந்து ஒன்றுசேர்ந்து நஞ்சு சுரக்க அனுப்பிக்கொள்ளும் வேதிச் சமிக்ஞைகளை அல்புமின் உறிஞ்சிக்கொள்கிறது. சேதி போய்ச் சேராததால் தாக்குதலும் தொடங்குவதில்லை. புண்ணில் கசிவது வெறும் நீரா, ரத்தத்தின் சாரமல்லவா? நம் உடலே நடுவில் நின்று அந்த இரண்டையும் வாழவைக்கிறது. கண்ணாடிக் குழாயில் உடல் இல்லை. அங்கே நடப்பதை வைத்துப் புண்ணை எடைபோட்டால் எங்கே பிசகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இன்னொரு விடை இடம் சார்ந்தது. டென்மார்க்கில் நாட்பட்ட கால்புண்களிலிருந்து எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஸ்டஃபைலோகாக்கஸ் கூட்டங்கள் மேற்பரப்பை ஒட்டியும், சூடோமோனாஸ் கூட்டங்கள் இன்னும் ஆழத்திலும் இருந்தன. ஒரே புண்ணுக்குள் சில பத்து மைக்ரோமீட்டர் இடைவெளியில் வேறுவேறு அடுக்குகள். அப்படியென்றால் பஞ்சுக்குச்சியை மேலாக உருட்டி எடுப்பதும், ஆழத்திலிருந்து சிறு சதைத் துணுக்கை வெட்டி எடுப்பதும் இரண்டு வெவ்வேறு ஊர்களைப் பற்றிய செய்திகள். சித்தியின் முதல் அறிக்கைக்கு மாதிரி எப்படி எடுத்தார்கள், இரண்டாவதற்கு எப்படி எடுத்தார்கள் என்று தாளில் எங்கும் இல்லை. "புண் மாதிரி" என்பதோடு முடிந்துவிடுகிறது.

தூக்கத்தைக் கெடுத்தது மூன்றாவது விடை. சுவாசத்தை நிறுத்தும் அந்த வேதிப்பொருளுக்கு ஆட்பட்ட ஸ்டஃபைலோகாக்கஸ் எல்லாமே செத்துவிடுவதில்லை. சில, சுவாசத்தைக் கைவிட்டு நொதித்தலில் ஒப்பேற்றுகின்றன. வளர்ச்சி மிக மெதுவாகிவிடும். தட்டில் அவை குண்டூசிமுனைப் புள்ளிகளாகத்தான் தெரியும், அதுவும் 2, 3 நாள் பொறுத்து. ஒரே நாளில் தட்டைப் பார்த்து அறிக்கை எழுதிவிட்டால் அவை கண்ணில் படாமலே போகும். ஜென்டாமைசின், டோப்ராமைசின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவுக்குள் நுழைய அதன் சுவாசம் உண்டாக்கும் மின்னழுத்தம் தேவை. சுவாசிக்காத கிருமிக்குள் அந்த மருந்து புகாது. 2006இல் இது வெளியான பிறகு பல சோதனைச்சாலைகளில் உறுதிப்பட்டிருக்கிறது: சூடோமோனாஸோடு சேர்ந்து வளர்ந்த ஸ்டஃபைலோகாக்கஸ் தனியாக வளர்ந்ததைவிட அந்த மருந்துகளுக்குத் தாக்குப்பிடிக்கிறது. அடித்தவன் கொடுத்த காயமே அடிபட்டவனுக்குக் கவசமாகிறது. இதை நட்பு என்பதா, பகை என்பதா? இரண்டுமே பொருந்தவில்லை. போர், கூட்டணி, சமரசம் என்ற மனிதச் சொற்களை நான் எழுதும்போதெல்லாம் கை தயங்குகிறது. இதோ, இந்தப் பத்தியிலேயே அடித்தவன், அடிபட்டவன் என்று எழுதிவிட்டேன், வேறு வழி தெரியவில்லை. அவற்றுக்கு எண்ணம் இல்லை. ஒன்று கழித்ததை இன்னொன்று தின்கிறது, ஒன்று உமிழ்ந்ததில் இன்னொன்று சுருங்குகிறது, சுருங்கியது பிழைக்கிறது, அவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் அந்த "அவ்வளவுதான்" ஒரு மனுஷியின் கால்விரலுக்குக் கீழே நடக்கிறது. அங்கே போட்ட ஊசி ஏன் கேட்கவில்லை என்பதற்கு அதில் காரணம் இருக்கக்கூடும்.

ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்று தேடும் பழக்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது எத்தனையோ உயிர்களைக் காத்த பழக்கம். ராபர்ட் கோக் ஒரு கிருமியை மற்றவற்றிலிருந்து தனியே பிரித்து வளர்க்க முதலில் வெட்டிய உருளைக்கிழங்கில் முயன்றார், பிறகு ஜெலட்டினில். ஜெலட்டின் வெக்கையில் உருகும், சில பாக்டீரியாக்கள் அதையே தின்று கரைத்துவிடும். அவருடைய கூடத்தில் வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, தான் பழக்கூழ் உறையச் சேர்க்கும் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பியவர்களிடம் கற்ற சமையலறை அறிவு அது. 1882இல் காசநோய்க் கிருமியை அறிவித்தபோது கோக்கின் கையில் அகர் வந்துவிட்டிருந்தது. ராமேஸ்வரம், மண்டபம் கரைகளில் பெண்கள் முக்குளித்துப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுப்பதும் அகர்தான் என்பதை நினைக்கும்போது அந்தத் தட்டு எனக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. தட்டின் மேல் கம்பியால் இழுத்து இழுத்துக் கூட்டத்தைக் கலைத்து, ஒவ்வொன்றும் தனித்தனிப் புள்ளியாக முளைக்கும்வரை பிரிக்கிறோம். காலரா, காசம், டிப்தீரியா என்று பெயர் சூட்டியதெல்லாம் இந்தப் பிரிப்பால்தான். ஆனால் பிரிப்பதற்கென்றே செய்த கருவி உறவைக் காட்டாது. 1920களிலேயே நியூயார்க்கில் ஃபிராங்க் மெலனி என்ற அறுவை மருத்துவர், அறுவைக்குப் பின் வயிற்றுத்தோல் பரவலாக அழுகும் ஒரு விபரீதத்தைக் கவனித்தார். புண்ணின் ஓரத்தில் குறைந்த ஆக்சிஜனில் வாழும் ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிடைத்தது, நடுவில் ஒரு ஸ்டஃபைலோகாக்கஸ் கிடைத்தது. விலங்குகளுக்கு இரண்டையும் சேர்த்துச் செலுத்தியபோது உண்டான அழுகல், தனித்தனியாகச் செலுத்தியபோது உண்டாகவில்லை. நோய் எந்தக் கிருமியிலும் இல்லை, இரண்டுக்கும் இடையில் இருந்தது. நூறாண்டு ஆகப்போகிறது. அறிக்கையில் அந்த இடைவெளியை எழுத இன்னும் ஒரு கட்டம் இல்லை.

நான் பிறந்தது பாலக்காட்டின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். சித்தூர் வயல்களில் நடவுக் காலத்தில் பெண்களின் கால்விரல் இடுக்குகள் வெளுத்து ஊறி வெடித்திருக்கும். சேற்றுப்புண். ராத்திரியில் மருதாணியை அரைத்து இடுக்கில் அப்பிக்கொண்டு, காலைப் பாயில் படாமல் நீட்டி அம்மா படுத்திருப்பார். அதிலும் கிருமி ஒன்று மட்டுமல்ல. 1970களில் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் லேடனும் கிளிக்மனும் இதைக் கவனமாகத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். முதலில் பூஞ்சை வந்து தோலைச் செதிலாக உரிக்கிறது. அந்த விரிசலில் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. ஈரம் கோத்து, நாற்றமும் எரிச்சலும் கூடும்போது சுரண்டிப் பார்த்தால் பூஞ்சை அகப்படுவது அரிதாகிவிடுகிறது. தொடங்கிவைத்தது மறைந்துபோய், பின்னால் வந்தவை நிறைந்திருக்கின்றன. அந்த நாளில் மாதிரி எடுப்பவருக்குப் பூஞ்சையின் பெயர் கிடைக்காது. பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை, சில வகைகள் பெனிசிலின் போன்ற பொருளைச் சுரக்கின்றன. 2022இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று ஐரோப்பிய முள்ளெலிகளைப் பற்றியது. அவற்றின் தோலில் வாழும் ஒரு பூஞ்சை பெனிசிலின் சுரக்கிறது. கூடவே வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் அதைத் தாங்கப் பழகி, மெத்திசிலினுக்கும் அடங்காத ஒரு வகையாக 1800களிலேயே மாறிவிட்டிருந்தது. ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டது 1928இல். மருந்துக்கு எதிர்ப்பு என்றால் மனிதன் மருந்தைக் கண்டபடி தின்றதால் வந்தது என்றே நான் எண்ணியிருந்தேன். பெரும்பாலும் அதுதான் உண்மை. ஆனால் மருந்து என்று நாம் ஒன்றை வைத்திருப்பதற்கு முன்பே, ஒரு சிறு பிராணியின் தோலில் இரண்டு உயிர்கள் நெருங்கி வாழ்ந்ததால் அந்த எதிர்ப்பு பிறந்திருக்கிறது. நம் தேரிக்காடுகளில் சருகுக்குள் சுருண்டுகிடக்கும் முள்ளெலியை இனி வேறு மாதிரிதான் பார்ப்பேன்.

ஏலக்காட்டில் காய்ச்சலும் இப்படி இரண்டு பெயரோடு வருவதுண்டு. சருகிலும் புதரிலும் இருக்கும் பூச்சியின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சு கடித்து வருவது ஸ்க்ரப் டைஃபஸ். எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் காலின் கீறலில் பட்டு வருவது எலிக்காய்ச்சல். குந்திக் காய் எடுப்பவருக்கு இரண்டுமே கைக்கெட்டும் தூரம். பூச்சி கடித்த இடத்தில் கருகிய பொருக்கு ஒன்று தட்டும். பெரும்பாலும் பாவாடை நாடா இறுக்கும் இடுப்பில், தொடையிடுக்கில், மார்புக்குக் கீழே. அதைத் தேடிப் பார்க்க ஒரு பெண் செவிலியரும் ஒரு திரைச்சீலையும் வேண்டும். ரத்தப் பரிசோதனையில் சிலருக்கு இரண்டுமே இருப்பதாக வரும். இரண்டும் இப்போது தொற்றியவையா, ஒன்று பழைய காய்ச்சலின் மிச்சமா என்று அந்தப் பரிசோதனையால் எப்போதும் பிரித்துச் சொல்லிவிட முடியாது. டாக்சிசைக்ளின் இரண்டுக்குமே கேட்கும் என்பதால் மருத்துவர் பிரிக்கக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. இங்கே கலப்பு வேறு விதம். ஒன்று ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களுக்குள் குடிபுகுகிறது, மற்றது ரத்தத்தில் சுற்றிவிட்டுச் சிறுநீரகத்தில் தங்குகிறது. இரண்டும் நேரில் சந்திக்காமலே ஒரே உடலைக் களைக்க வைக்கின்றன. சேர்ந்திருப்பதெல்லாம் உறவாகிவிடாது என்று இது எனக்கு எச்சரிக்கிறது. புண்ணில் கண்டதை எல்லா இடத்திலும் காண ஆசைப்படக் கூடாது.

ஆனால் புண்ணுக்குத் திரும்பினால் சான்றுகள் குவிந்துகொண்டே போகின்றன. ஒரு கிருமி பெனிசிலினை உடைக்கும் நொதியைச் சுரந்து வெளியே விட்டால், அந்தத் திறமை இல்லாத பக்கத்துக் கிருமியும் அதன் நிழலில் பிழைத்துக்கொள்கிறது. தனியே வளர்த்துப் பார்க்கும் தட்டில் "இந்த மருந்து கேட்கும்" என்று வந்தது தொண்டையிலும் புண்ணிலும் கேட்காமல் போவதற்கு இது ஒரு காரணம். சிங்கப்பூரில் செய்த ஆய்வில், என்டரோகாக்கஸ் வெளியிடும் ஆர்னிதின் என்ற அமினோ அமிலம் ஈ.கோலைக்கு இரும்புப் பஞ்சத்தைச் சமாளிக்க உதவுவது தெரியவந்தது. இரும்பைப் பதுக்கிக் கிருமியைப் பட்டினி போடுவது நம் உடலின் பழைய உபாயம். அந்தப் பட்டினியை ஒரு கிருமி இன்னொன்றுக்குத் தணித்துவிடுகிறது. இவற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு சங்கடமும் கூடிக்கொண்டு வந்தது. கேரளம் 2018இல் மருந்தெதிர்ப்பைத் தடுக்கத் தனிச் செயல்திட்டம் வகுத்தது. சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைத் தேடி 2024இல் சோதனைகளும் நடந்தன. அதை முழு மனதோடு வரவேற்கிறேன். எந்தக் கிருமி என்று கண்டு, அதற்கு மட்டுமான குறுகிய மருந்தைக் கொடு என்பது அதன் ஆதாரம். கலந்து வாழும் கூட்டத்தின் முன் அந்த அறிவுரை எவ்வளவு தூரம் நிற்கும்? எல்லாவற்றையும் அழிக்கும் பெரிய மருந்தை எடுத்துப் போடு என்பது பதிலாகாது. அப்படிப் போட்டுப் போட்டுத்தான் நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் எதற்கும் அடங்காத கிருமிகள் நிறைந்தன. மேற்கு நாடுகளில் சர்க்கரை நோயாளியின் கால்புண்ணில் ஸ்டஃபைலோகாக்கஸ் முன்னால் நிற்கிறது. இந்திய ஆய்வுகள் பலவற்றில் சூடோமோனாஸும் அதன் இனத்தவையும் முந்துகின்றன. வெக்கை, ஈரம், வெறுங்கால், பாதியில் நிறுத்திய பழைய மருந்துகள் என்று காரணம் சொல்கிறார்கள். அங்கே எழுதிய வழிகாட்டி இங்குள்ள கூட்டத்தைப் பார்த்து எழுதியதல்ல. கலப்பு என்று வந்த மாதிரியைத் தள்ளாமல், உள்ளே யார் யார், எந்த ஆழத்தில், சேர்ந்திருக்கும்போது எந்த மருந்துக்கு அடங்குகிறார்கள் என்று பார்க்கும் ஒரு கூடம் மலையடிவாரத்தில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். எழுபது வயதுக்காரியின் கால்விரலுக்கு இவ்வளவு செலவா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஆம் என்பதுதான் என் பதில்.

சித்திக்குக் கடைசியில் உதவியது மருந்தின் பெயர் அல்ல, கத்தி. அறுவை மருத்துவர் பெருவிரலை எடுத்து, செத்த சதையை ரத்தம் கசியும்வரை சுரண்டினார். கிருமிகள் தங்களைச் சுற்றிப் பசையாகக் கட்டிக்கொண்டு ஒட்டியிருக்கும் படலத்தை, குடியிருந்த இடத்தோடு சேர்த்துப் பெயர்த்தெடுப்பது அது. இதிலும் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்ட ஒன்று உண்டு. சுரண்டிய பிறகு முதல் ஓரிரு நாட்கள் புதிதாக ஒட்டத் தொடங்கும் கிருமிகள் இன்னும் கூட்டம் கட்டியிருக்காது, மருந்து கேட்கும். மூன்றாம் நாளுக்குள் படலம் முதிர்ந்து பழையபடி இறுகிவிடுகிறது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சுரண்டச் சொல்கிறார்கள். உடும்பன்சோலையிலிருந்து ஒவ்வொரு முறையும் போடிமெட்டு வளைவுகளில் இறங்கித் தேனி போய்த் திரும்ப ஒரு முழு நாள் ஆகும். துணைக்குப் போகிறவருக்கும் அன்றைய கூலி போகும். காய் எடுப்பு மும்முரமான நாட்களில் சித்தி இரண்டு முறை போகவில்லை. கணக்குப்பிள்ளை தடுத்தார் என்று சொல்ல முடியாது, யாரும் தடுக்கவில்லை. "கட்டு நல்லாத்தானே இருக்கு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார். அதற்கடுத்த அறிக்கையில்தான் கலப்பு என்று வந்தது. புது மாதிரி கேட்டிருந்தார்கள், நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்தோம். இம்முறை ஆழத்திலிருந்து ஒரு சதைத் துணுக்கு எடுக்கும்படி மருத்துவரிடம் நானே கேட்டேன், அவரும் மறுக்காமல் எடுத்தார்.